பேராக் மழையின் நேரக் கணக்கு

பேராக் மாநிலத்தின் மழையை ஓர் எண்ணில் சொல்லி முடித்துவிட முடியாது. தைப்பிங்கில் ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் பெய்கிறது. தீபகற்ப மலேசியாவில் அதிக மழை பெறும் ஊர் என்று பெயர் வாங்கியது அது. அங்கிருந்து தெற்கே நூறு கிலோமீட்டர்கூடத் தள்ளியிராத சித்தியவானில் ஏறக்குறைய அதில் பாதிதான் மழை. ஈப்போ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கு ஆண்டுச் சராசரி 2,400 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. ஒரே மாநிலம், ஒரே கடற்கரை, ஒரே பருவக்காற்று. ஆனாலும் இத்தனை வேறுபாடு.

காரணம் மலைகள். தைப்பிங், பிந்தாங் மலைத்தொடரின் அடியில் இருக்கிறது. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக்காற்று, 1,250 மீட்டர் உயரமுள்ள புக்கிட் லாருட்டின் சரிவில் மோதி மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் தாங்க முடியாமல் மழையாகக் கொட்டிவிடுகிறது. சித்தியவான் சமதளக் கடலோரம். காற்றை மேலே தள்ள அங்கே மலை இல்லை. ஈப்போவும் ஈயம் தோண்டிய பழைய லம்பங்களும் அமைந்த கிந்தா பள்ளத்தாக்குக்கு மேற்கே கிளேடாங் மலை, கிழக்கே தித்திவாங்சா. தித்திவாங்சாவின் கோர்பு சிகரம் 2,183 மீட்டர் உயரம்.

இந்தப் பெரிய மலைத்தொடர்தான் பேராக்கின் பருவகாலத்தையும் வகுக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று, தென்சீனக் கடலில் அள்ளிய ஈரத்தைக் கிளந்தான், திரங்கானு பக்கமே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மே மாதக் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுமத்ராவின் பாரிசான் மலைகள் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு பருவக்காற்றுக்கும் இடையே மலைநிழலில் கிடக்கும் நிலம் பேராக். இந்த அரண் எப்போதும் தாங்கும் என்று சொல்வதற்கில்லை. 1926 டிசம்பரிலும் 1967 தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழை மலையைத் தாண்டிப் பேராக் ஆற்றின் மேற்பகுதியிலும் கொட்டியதால், ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின. ஆனால் அவை விதிவிலக்கு. சாதாரண ஆண்டுகளில் பேராக்கின் கனமழை, இரு பருவக்காற்றும் ஓய்ந்திருக்கும் இடைக்காலங்களில்தான்: ஏப்ரல் - மே, பிறகு அக்டோபர் - நவம்பர். ஜனவரி - பிப்ரவரியிலும் ஜூன் - ஜூலையிலும் மழை குறையும்.

இடைக்கால மழை வெளியிலிருந்து வருவதன்று. பெரும்பகுதி உள்ளூரிலேயே உருவாவது. காற்று மெலிந்திருக்கும் நாளில் வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. பள்ளத்தாக்கின் சரிவுகள் விரைவாகச் சூடேறி, காற்று மலைமுகமாக ஏறுகிறது. கடற்காற்றும் உள்ளே வந்து சேர்கிறது. பிற்பகலில் மலைச்சரிவுகளுக்கு மேல் கருமேகம் கோபுரமாக எழும்பி, இடியும் மின்னலுமாக இறங்குகிறது. தீபகற்பத்தில் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரை மணி நேரம் முன்னே தள்ளிவைக்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றே கால் மணி அளவில். பொழுது விடிவதும் காலை ஏழு மணியையொட்டித்தான். இடிமழை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் வருவது தாமதம்போலத் தோன்றினாலும், சூரியக் கணக்கில் அது சரியான வேளைதான்.

கடலோரத்தில் கணக்கு தலைகீழ். இரவில் நிலம் குளிர்ந்ததும் சுமத்ராவிலிருந்தும் தீபகற்பத்திலிருந்தும் நிலக்காற்று நீரிணையை நோக்கி வீசுகிறது. இரண்டும் நடுக்கடலில் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழும்பி மேகம் திரள்கிறது. மேல்காற்று மேற்கிலிருந்து வீசினால் அந்த மேகவரிசை முழுவதும் கிழக்கே நகர்ந்து, விடியுமுன்னோ விடிந்த கையோடோ சூறைக்காற்றுடன் கரையேறுகிறது. மாலுமிகள் அதற்கு இட்ட பெயர் 'சுமத்ரா'. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது வரக்கூடும். ஆக, மலையடிவாரத்தில் பிற்பகல் மழை. கடலோரத்தில் விடியற்காலை மழை. மாதக் கணக்கில் இரண்டும் ஒரே மில்லிமீட்டராக இருக்கலாம். கித்தா எனும் ரப்பர்த் தோட்டத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

கித்தா மரம் பேராக்குக்கு வந்தது 1877இல். அதற்கு முந்தைய ஆண்டு ஹென்றி விக்கம் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளின் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் சில, பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தத் தலைமுறை மரம் ஒன்றை ஊரில் இன்றும் காணலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்டபோது சுங்கை சிப்புட், கோலகங்சார், பத்து காஜா, தாப்பா, சிலிம் ரீவர் என்று மாநிலம் நெடுகக் காடு அழிந்து தோட்டமானது. பால்வெட்டும் வேலை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் வழியாக வந்தவர்களின் தலையில் விழுந்தது.

பால்வெட்டு ஏன் இருட்டோடு தொடங்குகிறது என்பதற்கு மரத்தின் உடலுக்குள்ளேயே விடை இருக்கிறது. கித்தாப் பால், மரத்தின் சாறு அல்ல. பட்டையின் மென்பகுதியில், பிளவுபடும் திசுவை ஒட்டி ஓடும் நுண்குழாய்களில் அது தனியே அடைபட்டிருக்கிறது. இரவில் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவது நின்றுவிடுவதால் மரம் நீரால் நிறைந்து, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. 1960களில் மலாயாவின் ஆய்வாளர்கள் பட்டரியும் போட்மனும் நுண்ணிய கண்ணாடிக் குழாயைப் பட்டைக்குள் செருகி இதை அளந்தார்கள். விடியுமுன் சுமார் பத்து வளிமண்டல அழுத்தம், அதற்கு மேலும்கூட இருந்தது. கார் சக்கரத்தில் அடைக்கும் காற்றைப்போல நான்கைந்து மடங்கு. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் சரிகிறது. நண்பகலில் வெட்டினால் பால் குறையும்.

வெட்டும் முறையும் இதற்கேற்றதுதான். பால்குழாய்கள் பட்டைக்குள் நேர்க்குத்தாக ஓடாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே இறங்கினால் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒரு வெட்டில் சீவி எடுக்கும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் கனம். கத்தி உள்ளே போகும் ஆழம், பிளவுபடும் திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம். பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, அடுத்த சுற்றில் அந்த இடம் வெட்டுக்கு உதவாது. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்து இந்த அளவைக் கைப்பழக்கத்தால் காத்தவர்களின் திறமை, எந்த ஆலைத் தொழிலாளியின் திறமைக்கும் குறைந்ததில்லை. கூலிப் பட்டியல் அதை ஒருநாளும் அப்படி மதித்ததில்லை.

வெட்டு வாயில் கசியும் பால், வெட்டிய தடத்தின் வழியே இறங்கித் தகரக் கால்வாயைத் தொட்டு மங்கு எனும் கிண்ணத்தில் சொட்டுகிறது. சில மணி நேரத்தில் குழாய் வாய்கள் உறைந்து அடைபட, ஒழுக்கு நிற்கிறது. பிறகு அதே நிரையில் திரும்பி நடந்து பாலை வாளியில் சேர்க்க வேண்டும். இந்த வேலை முழுவதும் ஒரு காலைப்பொழுதுக்குள் முடிய வேண்டியது. மழை எந்த நேரத்தில் குறுக்கிடுகிறது என்பதைப் பொறுத்து இழப்பு மாறுகிறது. வெட்டுக்கு முன் பெய்தால் பட்டை நனைந்திருக்கும். நனைந்த பட்டையில் பால் தடத்தில் நிற்காமல் நாலாபக்கமும் படர்ந்து மரத்தோடு வழிந்துவிடும். காயும்வரை காத்திருந்தால் வெயில் ஏறி அழுத்தம் குறையும். வெட்டிய பிறகு, பால் எடுக்குமுன் பெய்தால் மங்கில் மழைநீர் நிரம்பிப் பால் கரைந்து போகும். பால் எடுத்துக் கொடுத்த பிறகு, பிற்பகலில் எவ்வளவு கொட்டினாலும் அன்றைய பாலுக்குச் சேதமில்லை, மரத்துக்கு நீர்தான். நாற்பது மில்லிமீட்டர் பிற்பகல் மழையைவிட, காலை ஏழு மணிக்குத் தூறும் நான்கு மில்லிமீட்டர் கித்தாத் தோட்டத்துக்குப் பெரிய கேடு.

அந்தக் கேடு யார் தலையில் விழுந்தது என்பதும் இந்த அறிவியலில் அடக்கம். தினக்கூலி முறையில் மழை பெய்த காலை, கூலியில்லாத காலை. அக்டோபர், நவம்பர் சம்பளம் மெலிந்திருப்பதும் தோட்டக் கடைக் கடன் ஏறுவதும் லயங்களில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் போராடியதற்குப் பின்னால் இந்த வானிலை உண்மையும் நின்றது. மேகம் எப்போது உடையும் என்பது தொழிலாளியின் குற்றமாக முடியாது.

மழையைத் தடுக்கும் எளிய கருவி ஒன்று உண்டு. வெட்டுக்கு மேலே மரத்தைச் சுற்றிப் பாவாடைபோல் ஒட்டும் பிளாஸ்டிக் மழைக்காப்பு, மரத்தின் மேலிருந்து வழியும் நீரை வெட்டுத் தடத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் விடாமல் பெய்யும் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் இது பரவலாகப் பயன்படுகிறது. இது இல்லாத தோட்டத்தில் அந்த மாதங்களில் பால்வெட்டு நின்றுபோகும். இன்னொரு வழி, வெட்டும் நாள்களையே குறைப்பது. எத்திலின் வாயுவோ அதை வெளிவிடும் மருந்தோ கொடுத்தால் பால் நீண்ட நேரம் ஒழுகும். மூன்று, நான்கு நாளுக்கு ஒரு வெட்டே போதுமானதாகிவிடும். வெட்டும் நாள் குறைந்தால், மழையில்லாத காலையைத் தேர்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

வறண்ட மாதங்களும் தோட்டத்தின் வேலையைத் தீர்மானிக்கின்றன. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்ததும் கித்தா மரம் இலையுதிர்க்கிறது. சில வாரங்களில் தளிர் விடுகிறது. அந்தக் காலத்தில் மரத்தின் சேமிப்பு இலைக்குப் போவதால் பால் குறையும். வறட்சி தெளிவாக இருந்தால் தோட்டத்து மரமெல்லாம் ஒன்றாக உதிர்ந்து ஒன்றாகத் தளிர்க்கும். தளிர் முற்றிவிட்டால் பூஞ்சணத்துக்கு வாய்ப்பு குறைவு. நடுவே மழை விழுந்து வறட்சி கலைந்தால் ஒரு மரம் மொட்டையாகவும் அடுத்த மரம் தளிராகவும் மூன்றாவது மரம் பழைய இலையோடும் நிற்கும். தளிர்ப் பருவம் நீளும். சாம்பல் நோயும் கொலட்டோட்ரிகம் இலைநோயும் மரத்துக்கு மரம் தாவ அது போதும். 2017இல் மலேசியாவில் தென்பட்ட பெஸ்டலோட்டியோப்சிஸ் இலைநோயும் ஈரமான காலங்களில் பரவுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை உதிர வேண்டிய இலை பலமுறை உதிர்ந்தால் மரம் பால் தர வலுவிழக்கிறது. இவற்றைவிடக் கொடியது தென்னமெரிக்க இலைக்கருகல். ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் பிரேசிலில் தொடங்கிய ஃபோர்ட்லாண்டியா ரப்பர் தோட்டம் சீரழிந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆசியாவுக்குள் அது இன்னும் வரவில்லை. பேராக்கின் நீண்ட ஈரநாள்கள் அந்தப் பூஞ்சைக்கு உகந்தவை என்பதால், தனிமைப்படுத்தும் சட்டங்களைத் தவிர அங்கே வேறு வேலி கிடையாது.

இன்றைக்குப் பேராக்கின் பழைய கித்தாத் தோட்டங்களில் பெரும்பாலானவை செம்பனையாகவோ வீடமைப்புத் திட்டங்களாகவோ மாறிவிட்டன. 1988இல் 16 லட்சம் டன்னைத் தாண்டிய மலேசியாவின் இயற்கை ரப்பர் உற்பத்தி, அண்மை ஆண்டுகளில் நான்கு லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களுடையது. செம்பனை, மழையை வேறொரு கணக்கில் வாங்குகிறது. அதற்குக் காலை மழை இடைஞ்சலில்லை. ஆனால் மாதத்துக்கு நூறு மில்லிமீட்டராவது விடாமல் வேண்டும். குறைந்தால் மரம் அன்றே காட்டிக்கொள்ளாது. குலை அறுவடைக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும் பூங்கொத்து ஆணாகுமா பெண்ணாகுமா என்பது தீர்மானமாகிறது. வறட்சியில் ஆண் பூக்கள் மிகும். அறுவடைக்குப் பத்து மாதம் முன்னே வறட்சி வந்தால் இளம் பூங்கொத்து கருகிவிடும். மகரந்தம் சுமக்கும் எலைடோபியஸ் வண்டு, 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அடைமழையில் அது பறப்பதில்லை. அந்த மழையின் விளைவு ஐந்தாறு மாதம் கழித்துப் பாதி நிரம்பிய குலையாகத் தெரியும்.

இந்தத் தாமதம் 2015 - 16 எல் நினோவில் வெளிப்படையாகத் தெரிந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, மழைமேகம் திரளும் இடம் கிழக்கே நகர்ந்து, தென்கிழக்காசியா வறள்கிறது. மலேசியாவின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015இல் 199.6 லட்சம் டன், 2016இல் 173.2 லட்சம் டன். எல் நினோவின் பிடி சபா, சரவாக்கில் இறுக்கம். பேராக்கில் அவ்வளவு இல்லை. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வெக்கையில் அது தெளிவாகத் தெரியும். அந்த 2016 வறட்சியில், 1906இல் கட்டி முடிக்கப்பட்டுக் கிரியான் வயல்களுக்கு நீர் தரும் புக்கிட் மேரா அணையின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்தது.

காட்டுக்கோ அதே வறட்சி விதைக்காலம். பேராக்கின் வடக்கே பெலும் - தெமெங்கோர் காடுகளில் ஓங்கி நிற்கும் மெராந்தி, கெருயிங் வகை மரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டு இடைவெளியில், முன்னறிவிப்பில்லாமல், பல வகை மரங்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து பூத்துத் தள்ளுகின்றன. தாவரவியலாளர் ஆஷ்டன் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, எல் நினோ காலத்தில் மேகமற்ற இரவுகளில் வெப்பநிலை இயல்பைவிட இரண்டு டிகிரி அளவு குறைந்து சில நாள் நீடிப்பதே தூண்டுகோல் என்றது. வறட்சியே தூண்டுகோல் என்போரும் உண்டு. வனத்துறைக்கு இதில் நடைமுறை அவசரம் இருக்கிறது. இம்மரங்களின் விதைகள் உறங்கிக் கிடப்பதில்லை. சில வாரத்தில் முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாகும். வெட்டிய காட்டில் மறுபடி நட நாற்று வேண்டுமானால், அந்தச் சில வாரங்களைத் தவறவிடக் கூடாது. இரவுகள் சூடாகிக்கொண்டே போனால் இந்தப் பூப்பு என்னவாகும் என்பது, வனவியல் அறிஞர்கள் உண்மையாகவே கவலைப்படும் கேள்வி.

அதே வறண்ட காலத்தில் காட்டுத் தீயும் வருகிறது. மலேசிய வானிலை ஆய்வுத் துறை நாள்தோறும் வெளியிடும் தீ அபாய அளவீடு கனடாவிலிருந்து எடுத்துத் தென்கிழக்காசியாவுக்குப் பொருத்தியது. நண்பகல் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், மழையளவு ஆகியவற்றிலிருந்து சருகு எவ்வளவு காய்ந்திருக்கிறது, அடிமண் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தனித்தனியாகக் கணிக்கிறது. கரிமண் சதுப்புகளில் இரண்டாவது எண்தான் முக்கியம். மேலே தூறல் விழுந்தாலும் கீழே தீ புகைந்துகொண்டேயிருக்கும். 1997, 2015, 2019 ஆண்டுகளின் புகைமூட்டம் பெரும்பாலும் சுமத்ரா, களிமந்தான் தீயிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் ஏறி வந்தது.

முன்னறிவிப்பு இதில் எவ்வளவு உதவும்? பருவகால அறிக்கை, வரும் மாதங்கள் இயல்பைவிட வறளுமா என்பதைப் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் நிலையிலிருந்து ஓரளவு சொல்லிவிடுகிறது. செம்பனைக்கும் நெல்லுக்கும் விதை திரட்டுவதற்கும் அது பயன்படும். பால்வெட்டுக்குத் தேவையோ நாளைக் காலை ஐந்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையே இந்த ஒரு பள்ளத்தாக்கில் என்ன நடக்கும் என்பது. இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் ஒன்றிரண்டு மணி. கணினி மாதிரிக்கு அது மிகச் சிறியது. அதனால்தான் வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை ஒவ்வொன்றும் ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. இடிமழைக்கான அறிகுறி தெரிந்த பின்னரே அது வெளியாகிறது. கடலிலிருந்து வரிசையாக வரும் 'சுமத்ரா'வை ராடார் முன்கூட்டியே காட்டிவிடும். தித்திவாங்சாவின் அடியில் திடீரென்று கிளம்பும் மேகத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

புவி சூடாவது இந்தக் கணக்கைக் கடினமாக்குகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது மழை வலுக்கிறது. பெய்யாதபோது மண் விரைவாகக் காய்கிறது. ஆண்டு மொத்தம் மாறாமலே இரண்டும் நடக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

தோட்டங்களின் பழைய மழைக் குறிப்பேடுகளின் குறையும் இதுவே. அலுவலகத்து முற்றத்தில் நின்ற மழைமானியை நாளுக்கு ஒருமுறை, காலையில், அளந்து எழுதினார்கள். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மழைமானி நிலையங்களில் பல இன்றும் தோட்டங்களின் பெயரையே தாங்கியிருக்கின்றன. அந்த நெடுங்காலப் பதிவுகள் விலைமதிப்பற்றவை. ஆனால் முந்திய பிற்பகல் மழையும் அன்றைய விடியற்காலை மழையும் அதில் ஒரே எண்ணாகக் கலந்துவிடுகின்றன. தானியங்கி மழைமானியில், சிறு கிண்ணம் நிறைந்து கவிழும் ஒவ்வொரு தடவையும் மணி, நிமிடத்தோடு பதிவாகிறது. அந்தப் பதிவைக் காலை ஐந்து முதல் பதினொன்று வரை தனியே பிரித்துப் பார்த்தால், உள்நாட்டுச் சுங்கை சிப்புட்டிலும் கடலோரப் பாகான் டத்தோவிலும் மாதத்துக்கு எத்தனை வெட்டுக்காலை கெடுகிறது என்று சொல்லிவிடலாம். மழைக்காப்புக்குச் செலவழிக்கும் பணம் எந்த ஊரில் மீளும், எங்கே மூன்று நாளுக்கு ஒரு வெட்டு என்று மாற்றிக்கொள்வதே மேல் என்பதைச் சிறுதோட்டக்காரர் அந்தக் கணக்கைக் கொண்டு முடிவு செய்யலாம்.